எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் எண்கள் பிசகும்போது: காற்று மாதிரி அளப்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

காற்றுத் தூசி படிந்த ஃபில்டர் தாளில் தனிமங்களை அளக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி ஒருநாள் வழக்கத்துக்கு மாறான எண்களைத் தந்தால், பெரும்பாலோரின் கை நேரே அளவுத்திருத்தக் கோப்புக்குத்தான் போகிறது. எடை அறியப்பட்ட திட்டப் படலங்களை எடுத்து அளந்து, எல்லாத் தனிமங்களுக்கும் கதிர் எண்ணிக்கையை எடையாக மாற்றும் காரணிகளைப் புதிதாகக் கணக்கிட்டு, பழையதை அழித்து எழுதிவிடுகிறார்கள். மறுநாள் சோதனை மாதிரி சரியான எண்ணைக் காட்டும். கோளாறோ உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெற்றிடத்தில் கசிவு இருந்தபோது செய்த அளவுத்திருத்தம், கசிவை அடைத்த அன்றே தவறாகிப் போகும். ஆகவே எந்தெந்தத் தனிமங்கள், எந்தப் பக்கம், எவ்வளவு பிசகியிருக்கின்றன என்பதை ஆற்றல் வரிசையில், அதாவது அவை உமிழும் எக்ஸ்-கதிரின் ஆற்றல் ஏறும் வரிசையில், ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகே கருவியில் கை வைக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிமுறையின் அடிப்படை. அந்த வரிசையைப் பார்த்தாலே முக்கால்வாசிக் காரணம் புலப்பட்டுவிடும்.

சேலம் மாதிரிகளுக்கு இந்த ஒழுங்கு கூடுதலாகத் தேவைப்படுகிறது. செட்டிச்சாவடி, ஜாகீர் அம்மாபாளையம் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத் தூசியில் மக்னீசியம் மிகுதி. அந்தப் பாறைகளோடு சேர்ந்த மண்ணில் குரோமியமும் நிக்கலும் இயல்பாகவே உண்டு. உருக்காலைப் பக்கம் துருப்பிடிக்கா எஃகு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளின் வெள்ளி, மேட்டூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல், ஏற்காட்டின் மேல்மட்டத்தில் அலுமினியம் செறிந்த பாக்சைட் மண் என ஒரே மாவட்டத்தில், நிறமாலையில் (ஒவ்வோர் ஆற்றலிலும் எத்தனை கதிர் வந்தது என்று காட்டும் வரைபடத்தில்) ஒன்றன் முகட்டின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும் தனிமங்கள் பல இருக்கின்றன. வேறு ஊரில் ஏற்றுக்கொள்ளத்தக்க கணினித் திருத்தம் இங்கே போதாமல் போகலாம்.

கீழே சொல்பவை, 47 மில்லிமீட்டர் டெஃப்லான் ஃபில்டரையும், வெற்றிட அறை கொண்ட ஆற்றல் பகுப்பு வகை மேசைக் கருவியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அளவுத்திருத்தம் என்பது இங்கே, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எடை அறியப்பட்ட மெல்லிய படலத்தை வைத்து, நொடிக்கு எத்தனை எண்ணிக்கை வருகிறது என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் உணர்திறனைக் கணக்கிடுவது. ஆவியாக்கிப் படியவைத்த இத்தகைய வணிகப் படலங்கள் பெரும்பாலும் 50 மைக்ரோகிராம் அளவிலும், 5 விழுக்காடு ஐயப்பாட்டுடனும் வரும். அவற்றிலிருந்து பெற்ற காரணிகள் சரிதானா என்று பார்க்க, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் 2783 எண் கொண்ட காற்றுத் தூசி ஃபில்டர் போன்ற, அளவுத்திருத்தத்தில் பயன்படுத்தாத வேறொரு மாதிரி தேவை. இவை இரண்டும் தவிர, மிகச் சாதாரணமான மூன்றாவது ஒன்றும் வேண்டும்: தினமும் முதலில் அளக்கும், பல தனிமங்கள் கொண்ட, உடையாத ஒரு கண்காணிப்பு மாதிரி. இதன் பழைய எண்கள் இல்லாத ஆய்வகத்தில் பிழை தேடுவது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

அறிகுறி: எல்லாத் தனிமங்களும் ஒரே விகிதத்தில் கூடியிருக்கின்றன அல்லது குறைந்திருக்கின்றன

சிலிக்கானும் 8 விழுக்காடு குறைவு, இரும்பும் 8, துத்தநாகமும் 8 என்றால், கதிர்களை எண்ணும் டிடெக்டரையோ வெற்றிடத்தையோ சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆற்றலைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றுபோல் பாதிக்கும் காரணத்தையே தேட வேண்டும். கண்காணிப்பு மாதிரியும் அதே அளவு குறைந்திருந்தால் எக்ஸ்-கதிர்க் குழாயின் வெளியீடு தளர்ந்திருக்கிறது, அல்லது குழாய் சூடேறுமுன் அளக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள்; குறைவு நிலைத்திருந்தால் பழைய எண்ணிக்கைக்கும் புதிய எண்ணிக்கைக்குமான விகிதத்தால் பெருக்கும் நகர்வுத் திருத்தம் போதும்; முழு அளவுத்திருத்தம் தேவையில்லை.

கண்காணிப்பு மாதிரி சரியாக இருந்து ஃபில்டர்கள் மட்டும் பிசகினால், மாதிரியின் உயரத்தைப் பாருங்கள். டெஃப்லான் தாள் மெல்லியது. வளையத்தில் இழுப்புக் குறைந்தால் நடுவில் தொய்யும், நிலைமின்சாரத்தால் மேலே எழும்பவும் செய்யும். குழாயும் டிடெக்டரும் மாதிரிக்கு மிக அருகில் இருக்கும் கருவிகளில் அரை மில்லிமீட்டர் வேறுபாடே எண்ணில் தெரியும். தாளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தொய்வு கண்ணுக்கே புலப்படும்.

எண்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடியிருந்தால் கருவியை விட்டுவிட்டுக் கணக்குத் தாளைத் திறக்கவும். 47 மில்லிமீட்டர் வட்டத்தின் முழுப்பரப்பு 17.3 சதுர சென்டிமீட்டர். ஆனால் தூசி படியும் பரப்பு, மாதிரிக் கருவியின் பிடிப்பானைப் பொறுத்து, 12 சதுர சென்டிமீட்டரை ஒட்டியே இருக்கும். கருவி தருவது சதுர சென்டிமீட்டருக்கான எடை. அதை முழுத்தாளுக்கு மாற்றும் இடத்தில் 17.3 போட்டுவிட்டால் 45 விழுக்காடு கூடிவிடும். படிவின் விட்டத்தை வெர்னியரால் அளந்து அந்த எண்ணையே பயன்படுத்த வேண்டும்; கையேட்டில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம்.

ஏற்காட்டு மாதிரிகள் மட்டும் சேலம் மாதிரிகளோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பிசகுவதாகத் தோன்றினால், காற்றின் கன அளவைக் கேளுங்கள். நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரம் இழுத்தால் 24 கனமீட்டர். ஆனால் சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டரை ஒட்டியும், ஏற்காடு 1500 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் 850 ஹெக்டோபாஸ்கல் அளவிலும் இங்கே 980 அளவிலும் நிற்கிறது. ஒரு நிலையத்தில் அந்தந்த இடத்துக் கன அளவையும் இன்னொன்றில் திட்ட அழுத்தத்துக்கு மாற்றிய கன அளவையும் போட்டுவிட்டு, வேறுபாட்டைக் கருவியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அறிகுறி: லேசான தனிமங்கள் மட்டும் குறைந்திருக்கின்றன

சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் ஆகியவை குறைந்து, கால்சியத்துக்கு மேல் எல்லாம் சரியாக இருந்தால், மாதிரிக்கும் டிடெக்டருக்கும் இடையில் ஏதோ ஒன்று மென்கதிர்களை, அதாவது ஆற்றல் குறைந்த கதிர்களை, விழுங்குகிறது. மக்னீசியத்தின் கே-ஆல்ஃபா கோடு 1.25 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சிலிக்கானுடையது 1.74. கோடு என்பது ஒரு தனிமம் தனக்கே உரிய ஆற்றலில் உமிழும் கதிர்; கே, எல், எம் என்பவை அது அணுவின் எந்த எலக்ட்ரான் கூட்டில் பிறக்கிறது என்பதையும், ஆல்ஃபா, பீட்டா என்பவை அக்கூட்டின் வெவ்வேறு கோடுகளையும் குறிக்கும். இனி இந்த அலகைக் கி.எ.வோ. என்று சுருக்கிக்கொள்வோம். சாதாரண அழுத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் காற்றே சிலிக்கான் கதிரில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். மக்னீசியம் கதிரின் நிலை அதைவிட மோசம். இரும்பின் 6.40 கி.எ.வோ. கதிருக்கு அந்தக் காற்று ஒரு பொருட்டே அல்ல. சரிவு ஆற்றல் குறையக் குறைய அதிகரிப்பதுதான் இந்தக் கோளாறின் கையெழுத்து.

முதலில் வெற்றிடம். அழுத்தமானி காட்டும் எண்ணைவிட நிறமாலையே நல்ல சாட்சி: வெற்றுத் தாளை அளந்து 2.96 கி.எ.வோ. இடத்தில் பாருங்கள். காற்றில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான் இருப்பதால், அறைக்குள் காற்று மிஞ்சியிருந்தால் அங்கே ஒரு சிறு முகடு எழும். முகடு இருந்தால் மூடியின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, அதில் ஒட்டியிருக்கும் நூலிழையையோ தூசியையோ நீக்கி, பம்பு எண்ணெயின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்த எண்ணெயில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். மழைக்காலத்தில் இது அடிக்கடி நேரும்.

ஆர்கான் முகடு இல்லை, ஆனாலும் லேசானவை குறைவு என்றால், ஃபில்டர் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட்கவே சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் படிவு மங்கலாக இருக்கும் ஏற்காட்டுத் தாள்களில் எது மேற்பக்கம் என்று தெரியாமல் போவது உண்மை. அப்போது மென்கதிர்கள் டெஃப்லானைக் கடந்து வரவேண்டியிருப்பதால் மக்னீசியமும் அலுமினியமும் சரிய, இரும்பும் துத்தநாகமும் மாறாமல் இருக்கும். வளையத்தில் எண் அச்சிட்ட பக்கம் எது என்பதை மாதிரி எடுக்கும் இடத்திலேயே படிவத்தில் எழுதிவைப்பது இதைத் தடுக்கும்.

குறைவு ஒரே நாளில் வராமல் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்திருந்தால், பம்பின் எண்ணெய் ஆவி டிடெக்டர் சன்னலில் படிந்திருக்கலாம். அந்தச் சன்னல் பெரும்பாலும் மைக்ரான் கணக்கில் மெல்லிய பெரிலியம். எளிதில் உடைவது, துகள் நச்சுத்தன்மை உடையது. பஞ்சால் துடைக்கும் வேலையை நீங்கள் செய்யக்கூடாது. சேவைப் பொறியாளரை அழைக்கவும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, வெள்ளைக்கல் பகுதியின் பெருந்தூசி மாதிரிகளில் மட்டும் மக்னீசியம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறதென்றால், அங்கே கருவிக்குக் குறையே இல்லை. மக்னீசியம் கார்பனேட் துகளுக்குள் பிறக்கும் 1.25 கி.எ.வோ. கதிரின் பெரும்பகுதியை, ஓரிரு மைக்ரான் தடிமனிலேயே, அந்தத் துகளே விழுங்கிவிடும். திட்டப் படலமோ மிக மெல்லியது. அதில் இந்த விழுங்கல் கிடையாது. ஆகவே 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசியில் ஓரளவு பொருந்தும் காரணி, 10 மைக்ரான் வரையிலான பெருந்தூசியில் பொருந்தாது. துகள் அளவுக்கான திருத்தக் கெழுவைத் தனியே சேர்க்க வேண்டும். காரணியை மட்டும் உயர்த்திப் பிசகை மறைத்தால் நுண்தூசி மாதிரிகளில் மக்னீசியம் அளவுக்கு மீறி வரும். சுரங்கப் பகுதிக்கான அறிக்கைகளில் இந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதை ஒரு வரியில் குறிப்பிடாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

கையடக்கக் கருவியை எடுத்துக்கொண்டு மலையேறுகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கிறது. அக்கருவிகள் பல காற்றிலேயே அளப்பவை. சேலத்தில் அளவுத்திருத்தம் செய்து ஏற்காட்டில் அளந்தால், அங்கே காற்று மெலிந்திருப்பதால் அலுமினியமும் சிலிக்கானும் இல்லாத அளவுக்கு உயர்ந்து தெரியும். பாக்சைட் மண் இருக்கும் ஊரில் அலுமினியம் உயர்ந்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கருவியில் அழுத்தத் திருத்தம் இருந்தால் அது இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையெனில் கண்காணிப்பு மாதிரியை மலை மேலும் ஒருமுறை அளந்துவிட்டு வேலையைத் தொடங்கவும்.

அறிகுறி: ஆர்கான் முகடு இருக்கிறது, ஆனால் வெற்றிடம் நன்றாக இருக்கிறது

சேலத்தில் இது தனித் தலைப்பு பெறுவதற்குக் காரணம் வெள்ளி. வெள்ளியின் எல்-ஆல்ஃபா கோடு 2.98 கி.எ.வோ.; ஆர்கானின் கே-ஆல்ஃபா 2.96. இடைவெளி 30 எலக்ட்ரான் வோல்ட் கூட இல்லை. எந்த மேசைக் கருவியாலும் இவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. கொலுசுப் பட்டறைகள் நெருங்கிய தெருவில் எடுத்த மாதிரியில் எழும் முகட்டைக் கணினி ஆர்கான் என்று எழுதிவிட்டு, வெள்ளியே இல்லை என்று அறிக்கை தரலாம். இல்லாத வெள்ளியை, கசிந்த காற்றைப் பார்த்து, இருப்பதாகவும் சொல்லலாம்.

பிரிப்பதற்கு இரண்டு சோதனைகள் போதும். அதே அமைப்பில் வெற்றுத் தாளை அளக்க வேண்டும். முகடு அதிலும் அதே உயரத்தில் இருந்தால் அது காற்று; மாதிரியில் மட்டும் இருந்தால் அது படிவிலிருந்து வருகிறது. அடுத்து, குழாய் மின்னழுத்தத்தை 50 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி, தகுந்த உலோகத் தடுப்புடன் 22.16 கி.எ.வோ. இடத்தில் வெள்ளியின் கே-ஆல்ஃபா கோட்டைத் தேட வேண்டும். ஆர்கானுக்கு அங்கே எதுவும் கிடையாது. வெள்ளியை எப்போதும் இந்த உயர் கோட்டிலேயே அளப்பது நல்லது. எல் கோட்டைப் பார்த்து வெள்ளி அளவு எழுதும் பழக்கத்தைச் சேலம் ஆய்வகங்கள் விட்டுவிட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கருவியின் குழாய் இலக்கே வெள்ளியால் ஆனதென்றால், குழாயின் சொந்தக் கோடுகள் சிதறி வந்து இரு இடங்களிலும் நிற்கும். அந்தக் கருவியில் வெள்ளியை நம்பகமாக அளக்க முடியாது என்றே சொல்லிவிடலாம். ரோடியம் குழாய் இருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை: ரோடியத்தின் எல்-ஆல்ஃபா 2.70 கி.எ.வோ., குளோரினின் கே-ஆல்ஃபா 2.62. எல்லாத் தாள்களிலும், வெற்றுத் தாளிலும்கூட, ஒரே அளவில் குளோரின் தெரிந்தால் அது காற்றிலிருந்து வந்த உப்பாக இருக்க வாய்ப்பில்லை.

அறிகுறி: கனமான தனிமங்கள் மட்டும் குறைந்திருக்கின்றன

இது அரிது, காரணமும் பெரும்பாலும் ஒன்றே. குழாய்க்குக் கேட்ட மின்னழுத்தம் கிடைக்கவில்லை. நிறமாலையின் பின்னணி எங்கே முடிகிறது என்று பாருங்கள்: 50 கிலோவோல்ட் கேட்டிருந்தால் தொடர்கதிர்ப் பின்னணி 50 கி.எ.வோ. இடத்தில்தான் அடங்க வேண்டும். 44-இலேயே தரை தட்டினால் மின்வழங்கியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். உறையைத் திறந்து பார்ப்பதற்காகப் பாதுகாப்புப் பூட்டைக் குறுக்கிணைப்புச் செய்வதை எந்தச் சூழலிலும் அனுமதிக்கக்கூடாது.

அறிகுறி: முகடுகள் இடம் மாறியிருக்கின்றன

இரும்பு 6.40-இல் இல்லாமல் 6.44-இல் நின்றால், கணினி அதன் ஒரு பகுதியைப் பக்கத்துத் தனிமத்தின் கணக்கில் எழுதிவிடும். நகர்வு எத்தகையது என்பதை இரண்டு கோடுகளில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்: அலுமினியம் 1.49, தாமிரம் 8.05. இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் ஆற்றல் அளவுகோலின் சுழிப்புள்ளி பிசகியிருக்கிறது. தாமிரம் அலுமினியத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் நகர்ந்திருந்தால் டிடெக்டர் சைகையைப் பெருக்கும் விகிதமான பெருக்கம் பிசகியிருக்கிறது. பெருக்கப் பிசகு பெரும்பாலும் அறை வெப்பத்தைத் தொடர்ந்து வரும். ஏப்ரல், மே மாதங்களில் இரவு குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுக் காலையில் போட்டால், மின்னணுப் பகுதி சமநிலைக்கு வர நேரம் பிடிக்கும். ஆற்றல் அளவுத்திருத்தம் தனி, எடை அளவுத்திருத்தம் தனி; முதலாவதைச் சரிசெய்தால் இரண்டாவதைத் தொடவே தேவை வராமல் போகலாம்.

அறிகுறி: முகடுகள் அகன்றிருக்கின்றன

மாங்கனீசின் 5.90 கி.எ.வோ. கோட்டில் பாதி உயர அகலத்தை வாரம் ஒருமுறை எழுதிவையுங்கள். சிலிக்கான் டிரிஃப்ட் வகை டிடெக்டரில் 130 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருந்தது 160-க்குப் போனால், டிடெக்டரின் மின்குளிரூட்டி தன் வெப்பநிலையைத் தக்கவைக்க முடியாமல் திணறுகிறது என்பதே முதல் ஊகம். மென்பொருளில் டிடெக்டர் வெப்பநிலை தெரியும். அது வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால் கருவியின் பின்புறக் காற்றாடியில் அடைந்த தூசியை நீக்குங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் தள்ளிவையுங்கள்.

வெப்பநிலை சரியாக இருந்தும் அகலம் கூடினால், நில இணைப்பைப் பார்க்க வேண்டும். வெற்றிடப் பம்பும் கருவியும் வெவ்வேறு மின்பலகைகளில் செருகப்பட்டிருந்தால் நில மின்னோட்டத்தால் இரைச்சல் ஏறும். நிறமாலையின் தொடக்கத்தில், சோடியத்துக்கும் கீழே, ஓர் இரைச்சல் மேடு எழுவது அதன் அடையாளம். பம்பை ஒரு நிமிடம் நிறுத்தி அந்த மேடு மறைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

அகலத்தின் விலையை முதலில் கொடுப்பவை மக்னீசியமும் அலுமினியமும்தான். இரண்டுக்கும் இடையே 230 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளிதான் உண்டு. மக்னீசியம் மலையாக எழும் வெள்ளைக்கல் மாதிரியில் அதன் வால் அலுமினியத்தின் மேல் விழுந்து, அலுமினியம் காரணமின்றி உயரும்.

அறிகுறி: ஒரே ஒரு தனிமம் மட்டும் பிசகுகிறது

இங்கே பிரிந்து செல்லும் வழிகள் இரண்டு. அளவுத்திருத்தப் படலங்களிலேயே அந்தத் தனிமம் பிசகினால் படலத்தைச் சந்தேகிக்கவும். ஒரே தூண்டல் அமைப்பில் எடுத்த உணர்திறன்களை அணு எண்ணுக்கு எதிரே வரைந்தால் அவை ஒழுங்கான வளைகோட்டில் அமைய வேண்டும். டைட்டானியம், குரோமியம், இரும்பு, நிக்கல், தாமிரம் எல்லாம் கோட்டில் நிற்க, மாங்கனீசு மட்டும் 12 விழுக்காடு கீழே விழுந்தால், அந்தப் படலம் கீறியிருக்கிறது, உரிந்திருக்கிறது அல்லது அதன் சான்றிதழ் எண் தவறாக ஏற்றப்பட்டிருக்கிறது. இயற்பியல் ஒரு தனிமத்துக்காக மட்டும் வளைந்து கொடுக்காது. அத்தகைய புள்ளியைக் கோட்டிலிருந்து படித்த மதிப்பால் தற்காலிகமாக நிரப்பி, மாற்றுப் படலம் வரவழைப்பதே சரி.

படலங்கள் சரி, மாதிரிகளில் மட்டும் பிசகு என்றால் அது மேற்படிவு, அதாவது ஒரு தனிமத்தின் கோடு இன்னொன்றின் கோட்டின் மேல் விழுவது. சேலத்தில் அடிக்கடி தலைகாட்டுபவை இவை. குரோமியத்தின் கே-பீட்டா 5.95-இல் விழுந்து 5.90-இல் இருக்கும் மாங்கனீசை உயர்த்தும். எஃகுத் தூசி மாதிரிகளில் மாங்கனீசும் குரோமியமும் எப்போதும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கினால் இதை நினைக்கவும், ஆனால் எஃகிலேயே மாங்கனீசு உண்டு என்பதால் அவசரப்பட்டு முழுவதையும் கழித்துவிட வேண்டாம். இரும்பின் கே-பீட்டா 7.06, கோபால்ட்டின் கே-ஆல்ஃபா 6.93, கஞ்சமலைப் பக்கத்து இரும்பு மிகுந்த மண்தூசியில் கோபால்ட் தெரிவதாக வரும் அறிக்கைகளை நான் எடுத்த எடுப்பில் நம்புவதில்லை. கந்தகத்தின் 2.31 மேல் காரீயத்தின் எம் கோடும் மாலிப்டினத்தின் எல் கோடும் ஏறும்; நிலக்கரிப் புகையில் கந்தகம் மிகுதியாக இருப்பதால் இது பெரும்பாலும் பொருட்படுத்தத்தக்கதல்ல, மாலிப்டினம் கலந்த 316 ரக எஃகைத் தேய்க்கும் பட்டறை அருகே மட்டும் கவனிக்கலாம்.

தீபாவளி வார மாதிரிகளில் டைட்டானியம் திடீரென எழுந்தால் அது பேரியமாக இருக்கலாம்: பச்சை ஒளி தரும் பட்டாசுகளின் பேரியத்துக்கு எல்-ஆல்ஃபா 4.47, டைட்டானியத்துக்குக் கே-ஆல்ஃபா 4.51. பேரியத்தின் அடுத்த கோடு 4.83-இல் தோள்போலத் தெரிகிறதா என்று பார்த்தால் தெளிவாகும். கூடவே பொட்டாசியமும் ஸ்ட்ரான்சியமும் எழுந்திருக்குமானால் ஐயமே வேண்டாம்.

காரீயமும் ஆர்சனிக்கும் தனிக் கதை. காரீயத்தின் எல்-ஆல்ஃபா 10.55, ஆர்சனிக்கின் கே-ஆல்ஃபா 10.54, இவை ஒன்றின் மேல் ஒன்று அச்சாக அமர்பவை. 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர அளவுகோல்களில் காரீயத்துக்கு 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 1 மைக்ரோகிராம். டெஃப்லான் ஃபில்டரில் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையால் அளப்பதை அந்த அறிவிக்கையே ஏற்கிறது. 24 கனமீட்டர் காற்று இழுத்த தாளில் இந்த வரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோகிராம், காரீயத்தை 12.61 கி.எ.வோ. எல்-பீட்டா கோட்டில் தாராளமாக அளக்கலாம். ஆர்சனிக்கின் ஆண்டு வரம்போ 6 நானோகிராம்; அதே தாளில் அது சதுர சென்டிமீட்டருக்கு 12 நானோகிராம்தான். காரீயம் கொஞ்சம் இருந்தாலும் அதன் நிழலில் இந்த ஆர்சனிக் காணாமல் போகும். எந்த அளவுத்திருத்தமும் இதைத் தீர்க்காது. அத்தகைய மாதிரியை அமிலத்தில் கரைத்து வேறு முறையில் அளக்க அனுப்ப வேண்டும்.

காரீயத்தின் 12.61 கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக்கூடாது. இரும்பு மிக அதிகமாக உள்ள மாதிரியில் எண்ணிக்கை வேகம் கூடினால், இரண்டு இரும்புக் கதிர்கள் ஒரே கணத்தில் டிடெக்டரில் விழுந்து 12.81-இல் ஒரு கூட்டு முகடு எழும். அது காரீயத்தின் தோளை உயர்த்தும். குழாய் மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்து மீண்டும் அளங்கள். உண்மையான காரீயம் பாதியாகும். கூட்டு முகடோ கால்வாசியாகச் சுருங்கும்.

அறிகுறி: வெற்றுத் தாளிலேயே தனிமங்கள் தெரிகின்றன

கண்ணாடி இழைத் தாளைப் பயன்படுத்தினால் சிலிக்கான், கால்சியம், பேரியம், துத்தநாகம் எல்லாம் தாளிலிருந்தே வரும். மொத்தத் தூசி எடைக்காக எடுத்த அத்தகைய தாள்களைப் பின்னர் இந்தக் கருவிக்குக் கொண்டுவருவதில் பயனில்லை. டெஃப்லானில் இரும்பு, நிக்கல், தாமிரம் தெரிந்தால், தாளை எடுத்துவிட்டு வெற்றுப் பிடிப்பானை மட்டும் அளந்து பாருங்கள். அப்போதும் இருந்தால் அவை அறைச் சுவரிலும் பிடிப்பானிலும் பட்டுச் சிதறி வருபவை, நிலையானவை, கழித்துவிடலாம். இல்லையென்றால் தாள்தான் அழுக்கு. அந்தப் பெட்டியிலிருந்து பல தாள்களை அளந்து சராசரியையும் சிதறலையும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு வெற்றுத் தாளைக் கழிப்பது அதன் தற்செயல் அழுக்கை எல்லா மாதிரிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதாகும்.

அறிகுறி: மீண்டும் அளக்கும்போது குளோரின் குறைகிறது

வெற்றிடத்திலும் கதிர்ச் சூட்டிலும் குளோரின், புரோமின் சேர்மங்களில் சில ஆவியாகிப் போகும். கருவி சரியாகவே இருக்கிறது. குளோரினை முதல் அளவீட்டில் எடுத்துவிட்டு, மறு அளவீட்டுத் தாள்களைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்தும்போது இந்த இரண்டையும் ஒப்பீட்டிலிருந்து விலக்கவும்.

அறிகுறி: திட்டப் படலங்கள் பொருந்துகின்றன, சரிபார்ப்பு ஃபில்டர் பொருந்தவில்லை

50 மைக்ரோகிராம் படலத்தில் பெற்ற காரணியை, அதில் நூறில் ஒரு பங்கே உள்ள உண்மையான தூசியில் பயன்படுத்துகிறோம் என்பதை மறந்துவிடக்கூடாது. கனத்த படலத்தில் டிடெக்டரின் செயலிழந்த நேரம் (ஒரு கதிரை எண்ணி முடிக்கும்வரை அடுத்ததை எண்ண முடியாத நேரம்) அதிகமாக இருந்து, அதன் திருத்தம் குறைபட்டால், காரணி தாழ்ந்து, மெலிந்த மாதிரிகள் எல்லாம் உயர்ந்து தெரியும். படலத்தைக் குறைந்த மின்னோட்டத்தில் அளந்து மின்னோட்டத்தால் வகுத்துப் பாருங்கள். காரணி மாறினால் காரணம் இதுவே. பின்னணியை எங்கே வரைகிறது என்பதும் மெலிந்த மாதிரியில்தான் உறைக்கும். கணினி வரைந்த பின்னணிக் கோட்டைத் திரையில் பெரிதாக்கி, முகட்டின் அடிவாரத்தை அது வெட்டுகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

இவ்வளவும் பார்த்தபின், குழாய், டிடெக்டர், சன்னல், மாதிரித் தட்டு ஆகியவற்றில் ஒன்று மாற்றப்பட்டிருந்தால், அல்லது நகர்வுத் திருத்தம் எல்லாத் தனிமங்களுக்கும் ஒன்றுபோல் அமையவில்லையென்றால், முழு அளவுத்திருத்தம் செய்யலாம். பழைய கோப்பை அழிக்காமல் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய காரணிகளைப் பழையவற்றால் வகுத்து அந்த விகிதங்களை ஆற்றல் வரிசையில் எழுதுங்கள். ஒரு தனிமத்தின் விகிதம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் கையெழுத்திடுமுன் அந்தப் படலத்தை மீண்டும் அளக்கவும். கண்காணிப்பு மாதிரி கடைசியாகச் சரியாக இருந்த நாளுக்கும் பிழை கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும் இடையே அளந்த ஃபில்டர்கள் அனைத்தையும், அறிக்கை போய்விட்டிருந்தாலும், குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அளக்க வேண்டும். தாளை அழிக்காமல் அளக்கும் முறை இது என்பதால் அதற்கு வசதி இருக்கிறது.